பூந்தொட்டி நின்ற இடம்

சுவரில் சட்டம் மட்டும் தொங்கியது. படத்தைக் காணவில்லை.

சனிக்கிழமை காலை, மெல்போர்னில் ரெட்கம் சேமிப்பு வங்கியின் கிளேட்டன் கிளைக் கதவைத் திறந்த மேலாளர் ஸ்ரீகாந்த், அலாரத்தை நிறுத்தி விளக்குகளைப் போட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் அதைக் கண்டார். அவருக்குப் பின்னால் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஜூடித் நின்றாள். அவளுக்கும் பின்னால், படத்தைப் பொதிந்து எடுத்துப்போக வந்த இரண்டு ஆட்கள் கம்பளிப் போர்வைகளோடு நின்றார்கள். தங்கப் பூச்சுப் பூசிய பழைய சட்டம் அதே கொக்கியில் அசையாமல் கிடந்தது. அதற்குள்ளே, மஞ்சள் கோட்டு அணிந்த இளவரசி சிரித்துக்கொண்டு நின்ற இடத்தில், வெறும் சுவர்.

மதியத்துக்கு முன்பே காப்புறுதி நிறுவனம் யோகாவை அனுப்பிவிட்டது.

எரிந்த கடை, வெள்ளம் புகுந்த வீடு, களவு போன நகை என்று எதுவானாலும், நடந்தது என்ன என்று பார்த்துச் சொல்வதுதான் யோகாவின் தொழில். ஐம்பதை நெருங்கும் பெண். அதிகம் பேசமாட்டாள். சம்பவ இடத்துக்குப் போனால் முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடப்பாள். ஆனால் அன்று அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அது அவளுக்குத் தெரிந்த இடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய புதிதில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கணக்குத் திறக்க வந்தது இங்கேதான். அம்மா வழியெல்லாம் ஆங்கில வசனம் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். கண்ணாடிக்கு அப்பால் இருந்த மனிதர் நிமிர்ந்து பார்த்து, "வாங்கோ தங்கச்சி, எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டார். அம்மா மனப்பாடம் செய்த வசனத்தை மறந்து அங்கேயே அழுதுவிட்டாள். அந்த மனிதர் கதிர்காமநாதன். கிளேட்டன் தமிழ்ச் சனத்துக்கெல்லாம் கதிர் அங்கிள்.

வங்கியின் நூறாவது ஆண்டுக்கு இளவரசி வந்த நாளும் அவளுக்கு நினைவிருந்தது. வீதியை மறித்துவிட்டார்கள். பத்து வயது யோகா காகிதக் கொடியோடு நடைபாதையில் நின்றாள். கறுப்புக் கார், மஞ்சள் கோட்டு, ஒரு கையசைப்பு. அவ்வளவுதான் தெரிந்தது. பிறகு அந்த வருகையைச் சித்திரமாக்கும்படி வங்கி ஹெலன் என்ற ஓவியரிடம் சொன்னது. படம் மாட்டப்பட்டபோது அதில் இளவரசியும் இருந்தார், வரிசையாக ஊழியர்களும் இருந்தார்கள், வரிசையின் கடைசியில் மண்ணிறக் கோட்டோடு கதிர் அங்கிளும் நின்றார். பணம் எடுக்க வந்த சனம் ஊர்ப் பிள்ளை ஒன்று இளவரசிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போகும்.

இப்போது அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். வெள்ளி மாலை பிரியாவிடை விருந்து. சனி காலை படம் இல்லை.

யோகா சட்டத்துக்கு அருகே போனாள். கத்தி பட்ட அடையாளம் இல்லை. ஓவியத் துணியின் ஓரத்து நூல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. படத்தை அதன் உள் மரச்சட்டகத்தோடு முழுதாகவே கழற்றியிருக்கிறார்கள். தங்கச் சட்டத்தின் உட்புற விளிம்பில் விரலை ஓட்டினாள். விரல் ஒட்டியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு ஸ்ரீகாந்தின் பக்கம் திரும்பினாள்.

"நேற்று கடைசியா ஆர் வெளியில போனது?"

"நான்தான் மேடம். எல்லாரையும் அனுப்பிட்டு, கதவுகிட்ட நின்னு அலாரம் போட்டேன்."

"அப்ப படம் இருந்ததோ?"

"இருந்திருக்கணும்."

"பாத்தனீங்களோ?"

ஸ்ரீகாந்த் நெற்றியைத் தடவினார். "பார்க்கலை. லைட்டெல்லாம் அணைச்சாச்சு. ஆனா அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அத்தனை பேரும் பார்த்தோமே! கேக் வெட்டினதே அதுக்குக் கீழதான். அப்புறம் குரூப் போட்டோ எடுக்க எல்லாரும் நடைபாதைக்குப் போயிட்டோம்."

"அலாரத்தை இடையில ஆரும் நிப்பாட்டினதோ?"

"இல்லை. கம்பெனிகிட்ட கேட்டுட்டேன்."

"கமெரா?"

"வியாழக்கிழமை காலைலயே கழட்டிட்டுப் போயிட்டாங்க. மேசை, பீரோ எல்லாம் அன்னைக்குத்தான் வெளியே போச்சு. நான் சிட்டிக்குப் போயிருந்தேன். எங்க வீட்டுக் கடன் பிரிவு பார்கவி இங்க இருந்து பார்த்துக்கிட்டாங்க. நேத்து விருந்து ஏற்பாடும் அவங்கதான். அழைப்பிதழ், அலங்காரம், எல்லாமே."

அவர் நீட்டிய அழைப்பிதழின் முன்பக்கத்தில் அதே ஓவியம், பளிச்சென்று அச்சாகியிருந்தது.

"இரவு நீங்கள் எப்பிடிப் போனனீங்கள்?"

"என் கார்ல. பார்கவியை ரோவில்ல அவங்க வீட்டுல இறக்கிவிட்டுப் போனேன். அவங்க கைல பேனர் சுருளும் மிச்சக் கேக்கும்தான். இவ்வளவு பெரிய படம் என் கார்ல நுழையவே நுழையாது."

உண்மைதான். படம் ஒரு மேசை நீளம்.

ஜூடித் இதுவரை பொறுத்திருந்தாள். அவளுக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருந்தது. "விருந்தினர் உட்காரக் கோயில் மண்டபத்திலிருந்து இரவல் வாங்கிய கதிரைகளை ஏற்ற ஒரு வேன் பின்சந்தில் நின்றது. பின்கதவு திறந்தே கிடந்தது. வேன்காரன், படத்தில் கடைசியில் நிற்கும், காலமாகிவிட்ட அந்தக் குமாஸ்தாவின் மகன் சுஜீதன். அவன் தாய் விமலாதேவி போன வருடம் இந்தப் படத்தைக் கேட்டார், நாங்கள் மறுத்தோம். நேற்று எல்லோர் முன்னாலும் 'என் கணவரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகமாட்டேன்' என்றும் சொன்னார். இன்னும் என்ன வேண்டும்? திங்கட்கிழமை காவல்துறைக்குப் போகிறேன்."

"படத்தை என்ன செய்வதாக இருந்தீர்கள்?"

"திருத்தி, நகரத்துத் தலைமை அலுவலகத்தில் மாட்டுவதாக. அதில் ஒரு சிக்கல் இருந்தது. கடைசியில் நிற்கும் அந்த ஆள் அசலில் இல்லை. எங்கள் ஓவிய நிபுணர் போன மாதம் விசேட விளக்குப் பிடித்துப் பார்த்தார். அடியில் ஒரு பூந்தொட்டி இருக்கிறது. யாரோ பிற்பாடு மேலே வரைந்திருக்கிறார்கள். அதை நீக்கிவிடச் சொல்லியிருந்தோம்."

யோகா கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"இந்தக் கிளையில் ஸ்ரீகாந்துக்கும் பார்கவிக்கும். அப்போது கூட நின்றார்கள்."

"திங்கள் காலை வரைக்கும் பொறுங்கள்," என்றாள் யோகா.

*

சனி பின்னேரம். டண்டினோங்.

விமலாதேவி கதவைத் திறந்ததும், "நீர் பரமேஸ்வரியின்ர மகளெல்லே?" என்றார். யோகா ஓம் என்றாள். அதன்பிறகு விசாரணை என்று ஒன்றைத் தொடங்கவே பெரும்பாடாகிவிட்டது. குசினியிலிருந்து தேத்தண்ணி வந்தது, முறுக்கு வந்தது, அம்மாவின் முழங்கால் எப்படி என்ற கேள்வி வந்தது. சுஜீதன் மட்டும் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மின்வேலை செய்கிறவன், அப்பாவின் நெடிய உடம்பு.

"வேனைப் பாக்க வந்தனீங்கள் எண்டா திறந்திருக்கு, பாருங்கோ," என்றான். "கோயில்ல இண்டைக்கே கதை பரவிட்டுது. 'படம் வீட்டையோ இருக்கு?' எண்டு ஒராள் சிரிச்சுக்கொண்டு கேக்கிறார்."

"நீ சும்மா இரடா. பிள்ளை தன்ர வேலையைச் செய்ய வந்திருக்குது."

"அன்ரி, நேற்று நீங்கள் அவரை விட்டுட்டுப் போகமாட்டன் எண்டு சொன்னனீங்களாம்?"

"ஓம், சொன்னனான். பகிடிக்குச் சொன்னது. எல்லாரும் சிரிச்சவை. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு மட்டும் விளங்கேல்லப் போல." விமலாதேவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "போன வருசம் படத்தைக் கேட்டனான்தான். தரேல்ல. பிறகு சிற்றிக்குக் கொண்டு போகினம் எண்டு கேட்ட உடன எனக்குச் சரியான புளுகம், சந்தோசம். இஞ்ச ஒரு சின்னக் கிளையில ஆர் பாக்கிறது? அங்கயெண்டா எத்தினை சனம் போய் வரும். அவரைப் பாக்கும்."

யோகா பூந்தொட்டிக் கதையை எடுக்கலாமா என்று தயங்கினாள். தேவையிருக்கவில்லை. விமலாதேவியே தொடங்கினார்.

"உண்மையில இளவரசி வந்த அண்டைக்கு அவர் அந்த வரிசையில இல்லை. ஆரோ ஒராள் உள்ளுக்கை நிண்டு காசறையைப் பாக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டினம். புதுசா வந்தவர் அவர்தானே. கை தட்டின சத்தம் மட்டும் கேட்டதாம். வீட்டை வந்து, 'விமலா, நான் நிக்கவேண்டிய இடத்தில ஒரு பூந்தொட்டி நிண்டது, அதுக்கும் இளவரசி சிரிச்சவவாம்' எண்டார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். ஆனா அண்டைக்கு அவர் சாப்பிடேல்ல." விமலாதேவி முறுக்குத் தட்டை யோகாவின் பக்கம் நகர்த்தினார். "பிறகு அந்தப் படம் கீறுற மனுசி தானா வந்து, பூந்தொட்டி நிண்ட இடத்தில அவரைக் கீறிப்போட்டா. ஏனெண்டு அவர் என்னட்டைச் சொல்லேல்ல. படத்தில நிண்ட நாளில இருந்து வேலைக்குப் போகேக்க ஒவ்வொரு நாளும் சப்பாத்து மினுக்கத் தொடங்கிட்டார்."

பிறகு தன் கைத்தொலைபேசியை எடுத்து, நேற்றைய புகைப்படம் ஒன்றைக் காட்டினார். கேக் மேசைக்கு இந்தப் பக்கம் விமலாதேவி, அந்தப் பக்கம் உயரத்தில் கதிர்காமநாதன். தலைக்கு மேலே குழல்விளக்கு எரிந்தது.

"இதைப் பாரும் பிள்ளை, எவ்வளவு வடிவாத் தெரியிறார். இத்தினை வருசத்தில நான் அந்தப் படத்துக்கு முன்னால நிண்டு எடுத்த எந்த போட்டோவிலயும் அவற்ற முகம் விழுந்ததே இல்லை. கிட்டப் போய் ஒருக்காத் தொட்டுப் பாப்பம் எண்டா, குறுக்கால கேக் மேசையை வச்சிட்டினம்."

"இப்பத்தையான் போன்கள் அப்பிடித்தான் அன்ரி, நல்லா எடுக்கும்," என்றாள் யோகா.

"ஓமோம். நல்ல காலம், கேக் வெட்டின உடனயே எடுத்தது. பிறகு எல்லாரையும் றோட்டுக்குக் கூப்பிட்டுட்டினம். பார்கவி மட்டும் அந்த றோட்டுப் போட்டோவுக்கு வரேல்ல. லைட்டை நிப்பாட்டிட்டு வாறன் எண்டவ. பாவம், அலங்காரத்தையும் அவதான் தனிய நிண்டு கழட்டினவ."

*

ஞாயிறு காலை. ரோவில்.

பார்கவி திருச்சியிலிருந்து மெல்போர்னுக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. அந்தக் கிளையில் சேர்ந்து அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. வீட்டுக் கடன் பிரிவு. அடுத்த மாதம் வேறு கிளைக்கு மாற்றல் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கருமை. காபி கொண்டுவந்து வைத்தாள்.

"வியாழக்கிழமை கிளையில தனியவோ நிண்டனீங்கள்?"

"ஆமா. மேசை எடுக்கிறவங்க வந்து போயிட்டு இருந்தாங்க."

"ஆர் ஆரின்ர மேசை போனது?"

"எல்லாமேதான். பழசுங்கிறதால வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. என்னோடதும் பக்கத்து மேசையும் இங்க வந்துருச்சு. காராஜ்ல இருக்கு. இத்தனை வருஷம் உக்காந்த மேசை, குப்பைக்குப் போக மனசு வரலை."

"வெள்ளி இரவு?"

"ஸ்ரீகாந்த் கொண்டுவந்து விட்டார். கேட்டிருப்பீங்களே."

"கேட்டனான். பேனரைக் கையோட கொண்டு வந்தனீங்கள்."

"ஆமா." பார்கவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "விமலா அன்ரியைப் போலீஸ் கேக்குமாமே? நிஜமாவா?"

"திங்கக்கிழமைக்கு முதல் படம் கிடைக்கேல்லயெண்டா, கேக்கும்."

யோகா போகும்போது காராஜ் கதவு திறந்திருந்தது. கனத்த மரத்தில் செய்த இரண்டு நீள மேசைகள், ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்தபடி இருந்தன. காரில் ஏறியபின்னும் அவள் உடனே கிளம்பவில்லை. ஏதோ ஒன்று பிடிபடுகிறமாதிரி இருந்தது. ஆனால் பிடிபடவில்லை. ஐம்பது பேர் வெள்ளி இரவு படத்தைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். வெளியே போனவை கதிரைகளும் கேக்கும் ஒரு பேனர் சுருளும்தான்.

அன்று பின்னேரம் வீட்டில் அவள் பழைய ஆல்பத்தை எடுத்தாள். விசாரணைக்காக எடுத்தாள் என்று சொல்ல முடியாது. அந்த வெற்றுச் சட்டத்தைப் பார்த்ததிலிருந்து அந்தக் காலத்து அம்மாவைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. இருந்தது அந்தப் படம்: குடியுரிமை கிடைத்த நாளில் அம்மா நல்ல சேலை கட்டி, வங்கிக்குப் போய், ஓவியத்துக்கு முன்னால் நின்று எடுத்தது. அப்பாதான் எடுத்தார். அம்மாவின் பச்சைச் சேலை. காதில் ஒற்றைக்கல் தோடு. அம்மா அப்போது இன்றைய யோகாவைவிட எவ்வளவோ இளையவள். அவள் தலைக்குமேல் இளவரசியின் மஞ்சள் கோட்டு. அதற்கு அப்பால், கதிர் அங்கிளின் முகம் இருக்கவேண்டிய இடத்தில், குழல்விளக்கின் வெளிச்சம் பட்டுத் தெறித்த ஒரு வெள்ளைப் பட்டை.

யோகா ஆல்பத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு எழுந்து விமலாதேவிக்கு அழைத்து, வெள்ளி இரவுப் புகைப்படத்தை அனுப்பச் சொன்னாள். வந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். அதே சுவர், அதே குழல்விளக்கு. பட்டை இல்லை.

அடுத்து, பெல்கிரேவ் மலைப்பக்கத்து ஓவியர் சங்கத்துக்கு அழைத்து, ஹெலன் என்ற பெயரில் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

இருந்தார்.

*

திங்கள் காலை. கிளேட்டன்.

மேசைகள் போன வங்கிக்கூடத்தில் பேச்சு எதிரொலித்தது. ஜூடித், ஸ்ரீகாந்த், பார்கவி, விமலாதேவி, சுஜீதன் ஆகிய ஐவரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார ஒரு கதிரை மட்டும் இருந்தது. ஸ்ரீகாந்த் அதை விமலாதேவிக்குப் போட்டார். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று யோகா ஆங்கிலத்தில் பேசினாள்.

"வெள்ளி இரவு ஐம்பது பேர் பார்த்த படம் எப்படிக் காணாமல் போனது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். கேள்வியே பிழை. வெள்ளி இரவு இந்தச் சுவரில் அந்தப் படம் இருக்கவில்லை."

"நான் பார்த்தேனே!" என்றாள் ஜூடித்.

"நீங்கள் பார்த்தது அச்சடித்த துணி. அழைப்பிதழுக்காக உங்கள் நிபுணர் அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக அச்சடித்தது. இரண்டு பக்கமும் ஒட்டும் பட்டையால் சட்டத்தின் உள்விளிம்பில் ஒட்டப்பட்டிருந்தது. பசை இன்னும் இருக்கிறது, தொட்டுப் பாருங்கள். யாரும் கிட்டப் போகாதபடி கீழே கேக் மேசை. வருடக்கணக்காகப் பார்த்த படத்தை யார் உற்றுப் பார்ப்பார்கள்?"

அவள் அம்மாவின் புகைப்படத்தையும் தன் தொலைபேசியையும் அருகருகே பிடித்தாள்.

"ஓவியத்துக்குத் தடிப்பாக வார்னிஷ் பூசியிருக்கிறது. மேலே எரியும் இந்த விளக்கு அதில் பட்டுத் தெறிக்கும். அதனால் எந்தப் புகைப்படத்திலும் கடைசி மனிதரின் முகம் வெள்ளையாகிவிடும். வெள்ளி இரவு எடுத்ததில் முகம் தெளிவாக இருக்கிறது. விமலா அன்ரி அதை எனக்குச் சனிக்கிழமையே காட்டினார். நான்தான் புதுத் தொலைபேசியின் கெட்டித்தனம் என்று விட்டுவிட்டேன். துணியில் வார்னிஷ் இல்லை. வெளிச்சம் தெறிக்கவில்லை."

சுஜீதன் சுவரை விட்டு விலகி முன்னே வந்தான்.

"அப்படியானால் அசல் படம் அதற்கு முன்பே போய்விட்டது. வியாழக்கிழமை. கமெரா இல்லை, மேலாளர் இல்லை, நாள் முழுக்கத் தளபாடம் வெளியே போய்க்கொண்டிருந்தது. மேசை நீளமான படம், கவிழ்த்த இரண்டு மேசைப் பலகைகளுக்கு நடுவே போர்வை சுற்றிப் போனால் யார் கேட்கப்போகிறார்கள்? வெள்ளி இரவு எல்லோரும் நடைபாதையில் சிரித்துக்கொண்டு நின்றபோது துணியை உரித்து, பேனரோடு சுருட்டி, மேலாளரின் காரிலேயே ஏற்றிக்கொண்டு போகலாம். விமலா அன்ரிக்குப் படத்தை எடுக்கக் காரணமே இல்லை. அது நகரத்துக்குப் போவதில் அவருக்குச் சந்தோசம். அவர் கணவரை அதிலிருந்து அழிக்கப்போகிறார்கள் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் வியாழக்கிழமை நகரத்தில் இருந்தார்."

யோகா தமிழுக்கு மாறினாள்.

"பார்கவி அக்கா."

பார்கவி தலையை நிமிர்த்தினாள். முகத்தில் பயத்தைவிட ஒரு பெரிய களைப்புத்தான் தெரிந்தது.

"நான்தான் எடுத்தேன்," என்றாள். "இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் வந்தேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். விருந்து முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் காணாமப் போனா, யார் மேலயும் பழி வராதுன்னு நினைச்சேன். வேன் வரும்னு யோசிக்கவே இல்லை."

"ஏன் பார்கவி?" ஸ்ரீகாந்த் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? தலைமை அலுவலகத்துக்கு ஒரு ஈமெயில். நானும் ரெண்டு போட்டேன், பதிலே வரலை." பார்கவி வெற்றுச் சட்டத்தைக் காட்டினாள். "அந்த நிபுணர்கிட்ட, எவ்வளவு நேரம் பிடிக்கும்னு கேட்டேன். பஞ்சு வச்சுத் துடைச்சா அரை நாள்ல போயிடும்னு சொன்னார். ஒரு மனுஷனை, யோகா! நான் முதல் நாள் வேலைக்கு வந்தப்போ இங்க யாரும் என் பேரைக்கூடச் சரியாச் சொல்லலை. கதிர் சார் அன்னைக்கு லீவ். ஆனா சுவர்ல நின்னார். சரி, நமக்கும் இங்க இடம் இருக்குன்னு நினைச்சு உக்காந்தேன். அந்த இடத்துல பூந்தொட்டியைப் பார்க்க என்னால முடியாது."

விமலாதேவி கதிரையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். "அழிக்கப் போறவையோ?" என்று மகனைக் கேட்டார். "என்னட்டை ஒருத்தரும் சொல்லேல்லையே?" சுஜீதன் குனிந்து தாயின் தோளில் கை வைத்தான்.

நடந்தது என்னவென்று பாதி விளங்கியும் விளங்காமலும் ஜூடித் நிமிர்ந்து நின்றாள். "காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அது வங்கியின் சொத்து. பிற்பாடு யாரோ கிறுக்கியதை..."

"யாரோ இல்லை," என்று யோகா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள். "இவரைக் கேளுங்கள்."

முதிய குரல் ஒன்று, இருமலோடு வந்தது. "ஹெலன் பேசுகிறேன். கிறுக்கியது நான்தான் அம்மா. அந்தப் படத்துக்காக வாரக்கணக்கில் உங்கள் வங்கியில் உட்கார்ந்து கூடத்தை வரைந்தேன். அத்தனை நாளும் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தவர் ஒருவர்தான். இளவரசிக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேட்டேன். காசறைக்குள் என்றார். படத்தை மாட்டியபிறகு ஒருநாள் வர்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பூந்தொட்டியை எடுத்துவிட்டு அவரை நிறுத்தினேன். அப்போதைய மேலாளர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் மேலே வார்னிஷ் பூசினேன், படகுக்குப் பூசுகிற மாதிரி. அவரை யாரும் சுலபத்தில் சுரண்டக்கூடாது என்று. என் படம் அதோடுதான் முடிந்தது. அதில் பஞ்சு வைத்தால் நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை மறந்துவிடாதீர்கள்."

ஜூடித் வெளியே போனாள். நடைபாதையில் நடந்தபடி நெடுநேரம் தொலைபேசியில் பேசினாள். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. ஓவியரின் கையால் ஆனது என்றால் யாரும் தொடமாட்டார்கள். படம் இருக்கிறபடியே நகரத்தில் மாட்டப்படும். காப்புறுதிக் கோரிக்கை இல்லை, காவல்துறையும் இல்லை. ஆனால் பார்கவிக்குச் சொன்ன மாற்றல் இல்லை. இன்றோடு வேலை முடிந்தது.

பார்கவி, "சரி," என்றாள். ஸ்ரீகாந்த் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி வேண்டாம் என்றாள்.

*

அன்று மதியம் ரோவிலில், ஜூடித்தும் யோகாவும் போர்வைகள் தூக்கிய பொதிகிற ஆட்களோடு வந்து சேர்ந்தபோது, விமலாதேவியும் வந்திருந்தார். வரவேண்டாம் என்று சுஜீதன் சொல்லியும் கேட்கவில்லை. படம் பார்கவியின் படுக்கையறையில், உடுப்பு அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே, சுத்தமான பருத்திச் சேலை ஒன்று போர்த்தியபடி இருந்தது.

பார்கவி சேலையை விலக்கினாள். விமலாதேவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். கதிர்காமநாதன் மண்ணிறக் கோட்டில், சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்போல நின்றார். விமலாதேவி படத்தைப் பார்த்தார். பார்கவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு நாள் என்ர மனுசனை உம்மட படுக்கையறையில ஒளிச்சு வச்சிருந்திட்டு, எனக்கொரு சொல்லுச் சொல்லேல்ல!"

பார்கவிக்கு என்ன முகம் வைப்பதென்று தெரியவில்லை. பிறகு இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று யோகாவால் சொல்ல முடியவில்லை.

"கொஞ்ச நேரம் எங்களைத் தனிய விடுங்கோ," என்றார் விமலாதேவி.

கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் அறைக்கு வெளியே நடைக்கூடத்துக்கு வந்தார்கள். உள்ளே அவருடைய குரல் கேட்டது. தாழ்ந்தும் உயர்ந்தும், நடுவில் யாரோ பதில் சொல்வதற்கு இடம் விட்டும் பேசினார். மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது, கூரை ஒழுகினது, சுஜீதன் சொல்வழி கேட்காதது, தோட்டத்துக் கறிவேப்பிலை பனியில் பட்டுப்போனது.

ஜூடித் குரலைத் தாழ்த்தி, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள்.

"வீட்டு விசயம்," என்றாள் யோகா.

பொதிகிறவர்களில் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஜூடித் அவனைப் பார்த்து, பொறு என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு தன் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். மற்றவர்களும் நின்றார்கள். யாருக்கும் அவசரமில்லை.